பழைய நிரலுக்கு முதல் டெஸ்ட் எழுதுவது

"எட்டு வருஷமா ஓடிக்கிட்டு இருக்கு சார், அதுல மட்டும் கை வைக்காதீங்க." ஒரு பழைய பில்லிங் நிரலை என்னிடம் ஒப்படைத்தபோது, அதோடு கூட வந்த ஒரே ஆவணம் இந்த வாக்கியம்தான். எழுதியவர் வேலையை விட்டுப் போய் ரொம்ப நாளாச்சு. கமென்ட் கிடையாது, டெஸ்ட் கிடையாது. ஆனால் மாசா மாசம் ஒண்ணாம் தேதி ஆயிரக்கணக்கான பேருக்கு அதுதான் பில் போடுது.

கை வைக்காமலும் இருக்க முடியவில்லை. நிரல் பைத்தான் 2-இல் எழுதப்பட்டது. 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு பைத்தான் 2-க்கான ஆதரவு நின்றுபோனது. புது சர்வருக்கு மாற வேண்டும் என்றால் பைத்தான் 3-க்கு மாற்றியே ஆகணும். அந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதை, பட்ட அடியையும் சேர்த்து, இங்கே எழுதி வைக்கிறேன். பழைய நிரலோடு மல்லுக்கட்டும் யாருக்காவது உதவும்.

முட்டையா கோழியா?

மைக்கேல் ஃபெதர்ஸ் என்பவர் 2004-இல் பழைய நிரல்களைக் கையாளுவது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் 'லெகசி கோட்' என்றால் என்ன என்பதற்கு அவர் தரும் விளக்கம் எளிமையானது: டெஸ்ட் இல்லாத நிரல் எல்லாமே லெகசிதான். அதன் வயசு முக்கியமில்லை. நேற்று எழுதியதாக இருந்தாலும், மாற்றிவிட்டு 'எதுவும் உடையலை' என்று சொல்ல வழி இல்லையென்றால் அது பழைய நிரல்தான்.

முதலில் இது கொஞ்சம் ஓவராகத் தெரியும். யோசித்துப் பார்த்தால் சரி என்று படும். நமக்குப் பயம் நிரல் அசிங்கமாக இருப்பதால் வருவதில்லை. ஒரு வரியை மாற்றினால் எங்கே என்ன ஆகும் என்று தெரியாததால்தான் வருகிறது.

சரி, டெஸ்ட் எழுதிவிடலாமே? அங்கேதான் சிக்கல். என் கையில் இருந்த முக்கியமான ஃபங்ஷனைப் பாருங்கள். பெயர் 'பில் போடு'. கிட்டத்தட்ட நானூறு வரி. அது செய்யும் வேலைகள்:

1. இன்றைய தேதியை கம்ப்யூட்டரிடம் கேட்கும்.
2. டேட்டாபேஸில் வாடிக்கையாளரின் பாக்கியை எடுக்கும்.
3. தாமதக் கட்டணம் கணக்கிடும்.
4. பில்லை டேட்டாபேஸில் எழுதும்.
5. வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் அனுப்பும்.

இதில் எனக்கு டெஸ்ட் பண்ண வேண்டியது மூன்றாவது மட்டும்தான். ஆனால் அதை ஓட்டணும்னா மற்ற நாலும் கூடவே ஓடும். பிரித்து எடுக்கலாம் என்றால் நிரலை மாற்றணும். பயமில்லாமல் மாற்ற டெஸ்ட் வேணும். டெஸ்ட் எழுத நிரலை மாற்றணும். இந்த வட்டத்தை எங்காவது ஒரு இடத்தில் உடைத்துத்தான் ஆக வேண்டும்.

தையல் ஓரம்

ஃபெதர்ஸ் இதற்கு ஒரு அழகான சொல்லைப் பயன்படுத்துகிறார்: 'சீம்', அதாவது தையல். ஓர் இடத்தில் இருக்கும் வரிகளைத் திருத்தாமலே அங்கே நடப்பதை வேறொன்றாக மாற்ற முடிந்தால், அந்த இடம் ஒரு தையல்.

நல்ல டெய்லர் குழந்தைகளுக்குச் சட்டை தைக்கும்போது உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைப்பார். பிள்ளை வளர்ந்தால் தையலைப் பிரித்துப் பெரிதாக்கலாம். துணியைக் கிழிக்க வேண்டாம். நம் பழைய நிரலில் உள்துணியே விடவில்லை, அதுதான் பிரச்சினை. எனவே முதல் வேலை, ஒன்றிரண்டு தையல்களை நாமே போடுவது.

மிகச் சின்ன தையல், ஒரு அளவுருவைச் சேர்ப்பது. 'பில் போடு' ஃபங்ஷனுக்கு 'இன்று' என்று ஒரு அளவுரு கொடுத்தேன். அதைக் கொடுக்காவிட்டால் பழையபடி கம்ப்யூட்டர் கடிகாரத்தைப் பார்க்கும். கொடுத்தால் கொடுத்த தேதியை எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே இதைக் கூப்பிடும் இடங்கள் எதையும் தொட வேண்டியதில்லை. இது ஏன் முக்கியம் என்றால், தேதியை வெளியிலிருந்து தராத டெஸ்ட் இன்று சாயங்காலம் பாஸ் ஆகும், நாளைக் காலை ஃபெயில் ஆகும். தாமத நாள் ஒன்று கூடிவிடும் அல்லவா?

அடுத்த தையல், கணக்குப் பகுதியை மட்டும் தனி ஃபங்ஷனாக வெளியே எடுப்பது. பாக்கி, தாமத நாட்கள் இரண்டையும் வாங்கிக்கொண்டு கட்டணத்தைத் திருப்பித் தரும். அவ்வளவுதான்.

இந்த இரண்டு மாற்றத்தையும் டெஸ்ட் இல்லாமல்தான் செய்தேன். வேறு வழியில்லை. ஆனால் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன்: வெட்டி ஒட்டுவது மட்டும்தான், ஒரு எழுத்தைக்கூட 'அழகுபடுத்தக்' கூடாது. தப்பான ஸ்பெல்லிங்கில் இருந்த மாறியின் பெயரைக்கூட அப்படியே விட்டேன். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து இரண்டு பேரும் வரிவரியாகப் பார்த்தோம். கை துறுதுறுக்கும். அடக்கித்தான் ஆகணும்.

சரியா தப்பா என்று கேட்காத டெஸ்ட்

டெஸ்ட் என்றதும், நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பது என்றுதான் நினைப்போம். புது நிரலுக்கு அது சரி. பழைய நிரலுக்கு எழுதும் முதல் டெஸ்ட் கேட்கும் கேள்வியே வேறு. 'இது இப்போ என்ன செய்யுது?' அவ்வளவுதான். சரியா தப்பா என்பது அப்புறம். ஃபெதர்ஸ் இதை 'கேரக்டரைசேஷன் டெஸ்ட்' என்கிறார். நிரலின் குணத்தை உள்ளது உள்ளபடி எழுதி வைப்பது.

எழுதும் விதம் கொஞ்சம் வேடிக்கையானது. பாக்கி 450 ரூபாய், தாமதம் 30 நாள் என்று கொடுத்து, விடை 9999 என்று வேண்டுமென்றே தப்பாக எழுதுவேன். டெஸ்ட் ஃபெயில் ஆகி, 'நீ 9999 என்றாய், வந்தது 5' என்று சொல்லும். அந்த 5-ஐ எடுத்து டெஸ்ட்டில் போட்டுவிடுவேன். இப்போது பாஸ் ஆகும். நிரல் தானே வாக்குமூலம் கொடுத்துவிட்டது, நான் பதிவு செய்துகொண்டேன்.

இப்படிப் பல பாக்கி, பல தாமத நாட்களுக்குப் பைத்தான் 2-இல் ஓட்டி விடைகளைப் பதிவு செய்தேன். பிறகு அதே டெஸ்ட்டுகளைப் பைத்தான் 3-இல் ஓட்டினேன். சிவப்பு சிவப்பாக வந்தது.

எங்கே மாறியது?

தாமதக் கட்டண விதி இதுதான்: முழுசாக முடிந்த ஒவ்வொரு 30 நாளுக்கும் பாக்கியில் 1 சதவீதம். விடையை முழு ரூபாயாக ஆக்கணும்.

முதல் மாற்றம் வகுத்தலில். நிரல் நாட்களை 30-ஆல் வகுத்து மாதக் கணக்கை எடுக்கிறது. பைத்தான் 2-இல் இரண்டு முழு எண்களை வகுத்தால் முழு எண்தான் வரும். 45-ஐ 30-ஆல் வகுத்தால் 1. பைத்தான் 3-இல் அதே வரி 1.5 தரும். 450 ரூபாய் பாக்கிக்கு 45 நாள் தாமதம் என்றால் கட்டணம் 5 ரூபாயாக இருந்தது 7 ரூபாயாகிறது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. நிரல் நன்றாகவே ஓடும். தப்பான பில் போடும், அவ்வளவுதான்.

இரண்டாவது மாற்றம் இன்னும் நைசானது. முழுமையாக்கும் 'ரவுண்ட்' ஃபங்ஷன். பைத்தான் 2-இல் அரை வந்தால் அடுத்த எண்ணுக்குப் போகும். 2.5 என்றால் 3. பைத்தான் 3-இல் அரை வந்தால் பக்கத்தில் இருக்கும் இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். 2.5 என்றால் 2, 3.5 என்றால் 4.

30 நாள் தாமதத்துக்கு இதைப் போட்டுப் பாருங்கள்:

பாக்கி 150: பழையது 2, புதியது 2.
பாக்கி 250: பழையது 3, புதியது 2.
பாக்கி 350: பழையது 4, புதியது 4.
பாக்கி 450: பழையது 5, புதியது 4.

நான் 350-ஐ மட்டும் வைத்து ஒரே ஒரு டெஸ்ட் எழுதியிருந்தால் எல்லாம் பச்சையாகத் தெரிந்திருக்கும். நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அதனால்தான் பழைய நிரலுக்கு டெஸ்ட் எழுதும்போது உதாரணங்களைக் கஞ்சத்தனம் இல்லாமல் எடுக்கணும். விளிம்பில் இருப்பவை முக்கியம்: 29 நாள், 30 நாள், 31 நாள். பூஜ்யம். மைனஸ்.

வகுத்தலுக்கு முழு எண் தரும் இரட்டைச் சாய்வுக்கோட்டைப் போட்டேன். முழுமையாக்கலுக்கு டெசிமல் மாட்யூலில் 'அரையை மேலே ஏற்று' என்ற முறையைப் போட்டேன். டெஸ்ட்டுகள் பச்சையாயின. பணம் கணக்கிடும் நிரல் எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை: முழுமையாக்கும் முறையை மொழியின் விருப்பத்துக்கு விடாதீர்கள், நீங்களே எழுதிச் சொல்லுங்கள்.

டூப் போடும் கலை

கணக்குப் பகுதி முடிந்தது. ஆனால் முழு ஃபங்ஷனும் ஒழுங்காக ஓடுதா, பில் பதிவாகுதா, எஸ்எம்எஸ் சரியான ஆளுக்குப் போகுதா என்றும் பார்க்கணுமே? நிஜ டேட்டாபேஸில் எழுத முடியாது. நிஜ எஸ்எம்எஸ் அனுப்ப முடியாது. இங்கேதான் 'மாக்' வருகிறது.

சினிமாவில் ஹீரோ மாடியிலிருந்து குதிக்கும் காட்சியில் டூப் போடுவார்கள் இல்லையா, அதே விஷயம்தான். ஜெரார்ட் மெசாரோஸ் 2007-இல் வந்த தன் புத்தகத்தில் இவற்றுக்கெல்லாம் பொதுவாக 'டெஸ்ட் டபுள்' என்றே பெயர் வைத்தார், சினிமா டூப்பை மனதில் வைத்துத்தான். நாம் பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் மாக் என்று சொல்லிவிடுகிறோம். அவர் ஐந்தாகப் பிரிக்கிறார்:

டம்மி: சும்மா இடத்தை அடைக்க நிற்பது. அளவுரு கேட்கிறதே என்று எதையாவது கொடுப்போமே, அது.

ஸ்டப்: மனப்பாடம் பண்ணின பதிலைச் சொல்வது. 'பாக்கி எவ்வளவு?' என்று யார் கேட்டாலும் '450' என்று சொல்லும்.

ஸ்பை: கூடவே நின்று, யார் எப்போது எதைக் கூப்பிட்டார்கள் என்று குறித்துக்கொள்வது. காட்சி முடிந்ததும் நாம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மாக்: என்ன நடக்கணும் என்பதை முன்பே சொல்லி வைத்து, அப்படி நடக்காவிட்டால் டெஸ்ட்டை ஃபெயில் ஆக்குவது.

ஃபேக்: உண்மையாகவே வேலை செய்யும், ஆனால் இலேசானது. பெரிய டேட்டாபேஸ் சர்வருக்குப் பதில் நினைவகத்திலேயே ஓடும் எஸ்க்யூலைட் மாதிரி.

பைத்தானில் இதற்கான கருவி 3.3 பதிப்பிலிருந்து, அதாவது 2012 முதல், மொழியோடு கூடவே வருகிறது. பைத்தான் 2-க்குத் தனியாக நிறுவிக்கொள்ளணும். அதில் 'பேட்ச்' என்று ஒன்று உண்டு. டெஸ்ட் ஓடும் நேரத்துக்கு மட்டும் ஒரு பெயருக்குப் பின்னால் இருக்கும் நிஜத்தை எடுத்துவிட்டு டூப்பை வைக்கும். டெஸ்ட் முடிந்ததும் பழையபடி ஆக்கிவிடும்.

பன்னிரண்டு எஸ்எம்எஸ்

இங்கேதான் நான் அடி வாங்கினேன். எஸ்எம்எஸ் மாட்யூலில் உள்ள 'அனுப்பு' ஃபங்ஷனை பேட்ச் பண்ணி டூப் வைத்தேன். டெஸ்ட்டை ஓட்டினேன். பில் தொகை எல்லாம் சரி, பச்சை. சந்தோஷமாக டீ குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் போன் வந்துவிட்டது. "என்ன சார், பாக்கி 450 ரூபாய்னு கஸ்டமருக்கெல்லாம் மெசேஜ் போயிருக்கு? அவங்க போன வாரமே கட்டிட்டாங்களே!" பன்னிரண்டு பேருக்குப் போயிருந்தது.

காரணம் என்ன? பில் மாட்யூல், எஸ்எம்எஸ் மாட்யூலிலிருந்து 'அனுப்பு' என்ற பெயரை நேரடியாகத் தனக்குள் இறக்கிக்கொண்டிருந்தது. இதை இப்படி யோசியுங்கள். பில் மாட்யூல் தன் பாக்கெட் டைரியில் எஸ்எம்எஸ்காரரின் நம்பரை எழுதி வைத்துக்கொண்டுவிட்டது. நான் போய் டெலிபோன் டைரக்டரியில் நம்பரை மாற்றினேன். அது தன் டைரியைப் பார்த்து நிஜ ஆளையே கூப்பிட்டுவிட்டது. பேட்ச் பண்ண வேண்டியது ஃபங்ஷன் எழுதப்பட்ட இடத்தில் அல்ல, அதைப் பயன்படுத்தும் மாட்யூலில்.

இதில் இன்னும் இரண்டு தப்புகள் இருந்தன, இரண்டும் என்னுடையவை. ஒன்று, டெஸ்ட்டுக்காக எடுத்த தரவில் நிஜ போன் நம்பர்களை அப்படியே விட்டது. இரண்டு, டூப் கூப்பிடப்பட்டதா என்று டெஸ்ட்டில் கேட்காமல் விட்டது. கேட்டிருந்தால் முதல் டெஸ்ட்டிலேயே சிவப்பு வந்திருக்கும், மீதிப் பதினொன்றை ஓட்டியிருக்க மாட்டேன். அன்று முதல் தரவில் நம்பர்களை எல்லாம் மாற்றிவிட்டுத்தான் மறுவேலை. டெஸ்ட் ஓடும் கம்ப்யூட்டரிலிருந்து எஸ்எம்எஸ் சேவைக்குப் போகும் வழியையும் அடைத்துவிட்டேன்.

மாக் சொல்லும் பொய்

மாக் ரொம்ப நல்ல பிள்ளை. எதைக் கேட்டாலும் 'ஆமாம்' என்று சொல்லும். அதுதான் ஆபத்து. இல்லாத ஃபங்ஷனைக் கூப்பிட்டாலும் தலையாட்டும். மூன்று அளவுரு கேட்கும் ஃபங்ஷனுக்கு ஐந்து கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். டெஸ்ட் பச்சை, நிஜத்தில் நிரல் விழும். இதைத் தவிர்க்கப் பைத்தானில் 'ஆட்டோஸ்பெக்' என்று ஒரு வசதி உண்டு. நிஜ ஃபங்ஷனின் அளவெடுத்து டூப்பைச் செய்யும். அளவு பொருந்தாவிட்டால் உடனே கத்தும். பழைய நிரலில் இதைப் போடாமல் மாக் வைக்காதீர்கள்.

ஆனால் ஆட்டோஸ்பெக்காலும் பிடிக்க முடியாத ஒன்று இருக்கிறது: அர்த்தம். 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயை நெருங்கும்போது தொலைந்துபோனது. தரையில் இருந்த ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு-விநாடியில் கொடுத்தது. அதை வாங்கிய பக்கம் நியூட்டன்-விநாடி என்று எடுத்துக்கொண்டது. கிட்டத்தட்ட 4.45 மடங்கு வித்தியாசம். எண் எண்ணாகத்தான் வந்தது, வடிவத்தில் குறையில்லை.

இந்த மாதிரிப் பிழையை மாக் வைத்த யூனிட் டெஸ்ட் பிடிக்காது. ஏனென்றால் டூப்பை எழுதுவதும் நாம்தான். எதிர்ப்பக்கம் எப்படி நடந்துகொள்ளும் என்று நாம் நினைக்கிறோமோ, டூப்பும் அப்படியே நடந்துகொள்ளும். நம் நினைப்பு தப்பு என்றால் டெஸ்ட்டும் அந்தத் தப்புக்குச் சாட்சி சொல்லும். அதனால் இரண்டு பக்கத்தையும் நிஜமாகவே இணைத்து ஓட்டும் இன்டக்ரேஷன் டெஸ்ட் கொஞ்சமாவது இருக்கணும். டேட்டாபேஸ் பணத்தைப் பைசாவில் வைத்திருக்கிறதா ரூபாயிலா என்பதை நிஜ டேட்டாபேஸ்தான் சொல்லும்.

இன்னொன்று. ஒரு டெஸ்ட்டுக்கு ஆறு ஏழு மாக் தேவைப்படுகிறது என்றால், மாக் எழுதுவதை நிறுத்திவிட்டு நிரலைப் பாருங்கள். ஒரே ஃபங்ஷன் ஏழு பேர் வேலையைப் பார்க்கிறது என்று அர்த்தம். பிரித்து எடுத்த கணக்கு ஃபங்ஷனுக்கு எனக்கு ஒரு மாக்கூடத் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கண்டுபிடித்த பக்கைத் திருத்தலாமா?

பதிவு செய்த விடைகளில் ஒன்று எனக்கு உறுத்தியது. கூடுதலாகப் பணம் கட்டியவர்களுக்குப் பாக்கி மைனஸில் இருக்கும். கடைசி பில் தேதி 30 நாள் தாண்டினால் அவர்களுக்கும் நிரல் தாமதக் கட்டணம் போட்டது, மைனஸ் 5 ரூபாய். அதாவது தாமதத்துக்குப் பரிசு! தெளிவான பக். ஒரே வரியில் திருத்திவிடலாம். விரல் கீபோர்டுக்குப் போய்விட்டது.

நல்லவேளை, முதலில் கணக்குப் பிரிவு அக்காவிடம் கேட்டேன். "அது தெரியுமே தம்பி. மாசா மாசம் அந்த லிஸ்ட்டை எடுத்து நாங்களே அஞ்சு அஞ்சு ரூபாயா கூட்டிப் போட்டுடுவோம். ரொம்ப வருஷமா அப்படித்தான்."

நான் சத்தமில்லாமல் திருத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பக் போயிருக்கும். அவர்கள் வழக்கம்போல் கூட்டியிருப்பார்கள். ஒழுங்காக முன்பணம் கட்டிய ஒவ்வொருவருக்கும் ஐந்து ரூபாய் அதிகமாகப் போயிருக்கும். பழைய நிரலின் தப்பைச் சுற்றி மனிதர்கள் தங்கள் வேலையை அமைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வேலை எந்த வரியிலும் எழுதப்பட்டிருக்காது.

அதனால் அந்த டெஸ்ட்டை அப்படியே மைனஸ் 5 என்று விட்டேன். மேலே ஒரு கமென்ட் மட்டும் எழுதினேன்: 'இது தப்பு, தெரிந்தே விடப்பட்டது. கணக்குப் பிரிவு கையால் திருத்துகிறது.' பைத்தான் 3-க்கு மாறி இரண்டு மாதம் ஓடிய பிறகு, அவர்களோடு ஒரு தேதி பேசி வைத்துக்கொண்டு, அந்த டெஸ்ட்டைப் பூஜ்யம் என்று மாற்றி, நிரலையும் மாற்றினேன். அக்கா அந்த மாதம் லிஸ்ட் எடுக்கவில்லை.

எங்கே ஆரம்பிப்பது?

முழு நிரலுக்கும் டெஸ்ட் எழுதுகிறேன் என்று இறங்காதீர்கள். நான் முதல் வாரம் அப்படித்தான் இறங்கினேன், எங்கேயும் போய்ச் சேரவில்லை. அடுத்து எந்த இடத்தை மாற்றப் போகிறீர்களோ அந்த இடத்துக்கு மட்டும் எழுதுங்கள். ஒரு பக் வந்தால், திருத்தும் முன் அந்த பக்கைக் காட்டும் டெஸ்ட் ஒன்றை எழுதுங்கள். தேதி, டேட்டாபேஸ், நெட்வொர்க் இந்த மூன்றும் கணக்குக்கு உள்ளே புகுந்திருந்தால் முதலில் அவற்றை வெளியே தள்ளுங்கள். மீதியைத் தொடாதீர்கள். தொடாத இடம் இத்தனை வருஷம் ஓடியது போல ஓடட்டும்.

நானூறு வரியில் இன்றைக்கும் பாதிக்கு மேல் டெஸ்ட் இல்லை. ஆனால் பணம் கணக்கிடும் பகுதிக்கு இருக்கிறது. போன மாதம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் வந்து, "அண்ணா, தாமதக் கட்டண விதி மாறுதாம். இதுல கை வைக்கலாமா?" என்று கேட்டான்.

"வை. வச்சிட்டு டெஸ்ட்டை ஓட்டு" என்றேன்.